பரிசல்காரி மருதாயியும் முள்ளில்லாத் தராசும்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால, எது தன்னோட கரைன்னு ஆறுகளே இன்னும் முடிவு பண்ணாத காலத்துல, முத்தாறு நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. அந்த நாட்டு சனங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சோறு இல்லாம இருப்பாங்க, வேடம் கட்டாம இருக்க மாட்டாங்க.

வேடம்னா நீங்க நினைக்கிற வேடம் இல்லை. பழைய கதையில வர்ற ராசா, அரக்கன், தேவதை யாரையும் எடுக்கக் கூடாது. அவங்கவங்க புதுசா ஓர் ஆளை உண்டாக்கணும். அந்த ஆளுக்குப் பேரு வைக்கணும், முகமூடி செய்யணும், அந்த ஆளால எது முடியும் எது முடியாதுன்னு யோசிக்கணும். வருஷத்துல ஒரு பௌர்ணமி வேடத் திருநாள். அரண்மனை வாசல்ல ஒரு மாயவட்டம். முகமூடியை மாட்டிக்கிட்டு அதுக்குள்ள காலை வச்சா, நினைச்ச ஆளாவே ஆயிடலாம். பறக்கிறவன்னு சொல்லியிருந்தா பறக்கலாம். எல்லாம் பொழுது சாயுற வரைக்கும்தான். சாஞ்சா முகமூடி தானா கழண்டு விழும், பறந்தவன் நடந்தே வீட்டுக்குப் போகணும்.

சும்மா உள்ள விட்டுடுவாங்களா? வட்டத்து வாசல்ல ஒரு தராசு தொங்குச்சு. பித்தளைத் தராசு, பேசுற தராசு, சரியான வாயாடித் தராசு. வரத்தை ஊரறியச் சொல்லணும், குறையைத் தராசுகிட்ட காதோட சொல்லணும். அதுதான் வழக்கம். வரம் சொன்னா ஒரு தட்டு இறங்கும், குறை சொன்னா மறுதட்டு இறங்கும். நடு முள் நேரா நின்னாத்தான் உள்ள வழி. நெசமான குறையைத் தராசு யாருகிட்டயும் சொல்லாது. பொய்க் குறையைச் சொன்னீங்களோ, தொலைஞ்சீங்க, ஊரைக் கூட்டிடும்.

"கேட்டீங்களாய்யா! இவனுக்குப் பத்து யானை பலமாம், குறை என்னன்னா பாவக்காய் பிடிக்காதாம்! அடேய், பாவக்காய் உன் பொண்டாட்டிக்கும்தான் பிடிக்காது, அவ யானையைத் தூக்குறாளா? போய் வேற குறை கொண்டாடா!"

இப்படி ஒரு தராசு இருந்ததால அந்த நாட்டுல எல்லா வேடமும் ரசமா இருந்துச்சு. யாரும் யாரையும் ஒரேயடியா மிதிக்க முடியாது.

அந்த நாட்டுல, முத்தாத்துல பரிசல் ஓட்டிப் பிழைக்கிற அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அக்கா வேம்பாயி, தங்கச்சி மருதாயி. தாய் தகப்பன் கிடையாது. அக்காவுக்குத் தங்கச்சி, தங்கச்சிக்கு அக்கா. வேம்பாயி துணிச்சல்காரி, புலி வந்தாலும் "என்னா?"ன்னு கேப்பா. ஆனா ஒண்ணு. அவளுக்குத் தண்ணின்னா பயம்! பரிசல்கார வீட்டுப் பொண்ணுக்குத் தண்ணிப் பயம்னா ஊரு சிரிக்காதா? அதனால வெளியே மூச்சு விடலை. பரிசல்ல ஏறினா போதும், மருதாயியோட இடது மணிக்கட்டை நாலு விரலால இறுக்கிப் பிடிச்சுப்பா. பிடிச்சுப் பிடிச்சு அந்த மணிக்கட்டுல நாலு நகத்தடம் தழும்பாவே நின்னுபோச்சு. மருதாயி ஒத்தைக் கையால துடுப்புப் போடப் பழகிட்டா. இந்தப் பக்கம் நாலு தள்ளு, அந்தப் பக்கம் நாலு தள்ளு. தள்ளும்போது ஒரு பாட்டுப் பாடுவா.

"ஒரு பக்கம் தள்ளினா சுத்தும்,
ரெண்டு பக்கம் தள்ளினா போகும்!"

வருஷா வருஷம் வேம்பாயி மின்னலாளுன்னு ஒரு வேடம் கட்டுவா. மின்னல் மாதிரி ஓடுவா, சுவரு ஏறுவா. குறை, தண்ணிப் பயம். முகமூடி செய்யறது மருதாயி. முகமூடியில நாடிக்குக் கீழ ஒரு நீலப் பொட்டு வைக்கிறது அந்த ஊரு வழக்கம். அதுக்குப் பேரு குறைப்பொட்டு.

இப்படி இருக்கிறப்ப வந்து சேர்ந்தான் ஒரு மந்திரவாதி. பேரு எட்டுமுழத்தான். ஏன்னா தாடி எட்டு முழம். தாடியை இடுப்பைச் சுத்திக் கட்டி, மிச்சத்தைத் தோள்ல போட்டிருப்பான். வேடத் திருநாளுக்கு மூணு நாளைக்கு முன்னால ராசா கொலுவுக்கு வந்தான்.

"மகாராசா, உங்க நாட்டுல ஒரு அநியாயம் நடக்குதே! உங்களைப் போல குணக்குன்று, அழகுக்குன்று, அறிவுக்குன்று... உங்களுக்குப் போயி குறையா? குறை கேக்குறதுக்கு அந்தப் பித்தளைக்கு என்ன யோக்கியதை?"

ராசாவுக்குக் காதெல்லாம் தேன் பாஞ்சுது. "ஆமாம்ல?"ன்னாரு. அவ்வளவுதான். எட்டுமுழத்தான் நேரா போயி தராசு முள்ளைப் பிடுங்கி எடுத்துக்கிட்டான். தராசைத் தூக்கி ஆத்துச் சேத்துல வீசிட்டான். "சனங்களே! இனிமே குறையே வேண்டாம். எத்தனை வரம் வேணுமோ அத்தனை வரம்!"

கரும்பு தின்னக் கூலியா? சனம் குதிச்சுக் கூத்தாடுச்சு.

அன்னைக்கு மருதாயி முகமூடிக்குச் சாயம் பூசிக்கிட்டு இருந்தா. "அக்கா, இந்த வருஷமாவது அந்தத் தண்ணிப் பயத்தைத் தூக்கி எறி. ராசாவே குறை வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"வேணாம்டி. அது இல்லாம என்னமோ மாதிரி இருக்கும்."

"என்னமோ மாதிரியாவது ஒண்ணாவது!"ன்னு சொல்லி, ஈரத் துணியை எடுத்து நீலப் பொட்டை அழிச்சது யாரு தெரியுமா? மருதாயிதான். தன் கையாலதான் அழிச்சா. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

திருநாளும் வந்துச்சு. அறுபது பேரு முகமூடி மாட்டிக்கிட்டு நின்னாங்க. முதல்ல ராசா உள்ள போனாரு. வாளு வெட்டாத உடம்பு, நெருப்பு சுடாத உடம்பு, பசிக்காத வயிறு, பயமில்லாத மனசு. ரெண்டு எட்டு வச்சாரு. மூணாவது எட்டு வைக்கிறதுக்குள்ள கல்லா நின்னுட்டாரு! கையும் கல்லு, காலும் கல்லு, மீசையும் கல்லு. சனம் "ஐயோ"ங்கிறதுக்குள்ள அடுத்தவன் கல்லு, அதுக்கடுத்தவன் கல்லு. வேம்பாயி காலுலருந்து மேல ஏறுது கல்லு. அவ திரும்பினா. "மருதாயி!"ன்னு கூப்பிட்டு, பரிசல்ல ஏறும்போது நீட்டுவாளே, அதே மாதிரி கையை நீட்டினா. நாலு விரலு மடங்கினது மடங்கினபடியே நின்னுபோச்சு.

எட்டுமுழத்தான் மட்டும் வட்டத்துக்குள்ள ஜம்முன்னு நடந்தான், பறந்தான், நெருப்பைக் கக்கினான். வட்டத்தைவிட்டு வெளியே வந்து சிம்மாசனத்துல சாஞ்சான்.

"இனி நான்தான் ராசா! அடுத்த பௌர்ணமிக்கு யாராவது என்னை இந்த வட்டத்துல வச்சு ஜெயிச்சா, ராச்சியத்தை விட்டுட்டு ஓடிடறேன். யாரும் ஜெயிக்கலையா, அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் இந்தக் கல்லுங்களைச் சம்மட்டியால உடைச்சு எனக்குக் கோட்டை கட்டிப்பேன். நல்ல கல்லு!"

மருதாயி ஒரு நாள் அழுதா. ரெண்டாம் நாளும் அழுதா. மூணாம் நாள் கண்ணைத் துடைச்சா, துடுப்பை எடுத்தா. "பொட்டை அழிச்சது நான். என் அக்காவைக் கொண்டாறதும் நான்தான்"னு சொல்லிக்கிட்டுப் பரிசலைத் தண்ணியில தள்ளினா.

சேத்தைத் துடுப்பால கிளறிக் கிளறிப் போனா. ஓரிடத்துல "ணங்"ன்னுச்சு.

"யாருடா அது மண்டையில அடிக்கிறது? கண்ணு என்ன புறமண்டையிலயா இருக்கு?"

தராசுதான்! வெளியே எடுத்துக் கழுவினா. கோலு இருக்கு, ரெண்டு தட்டும் இருக்கு, முள்ளு மட்டும் இல்லை.

"தராசண்ணே, ஏன் எல்லாரும் கல்லானாங்க?"

"பின்னே? வெட்டுப்படாது, சுடாது, பசிக்காது, பயப்படாதுன்னு அடுக்கினா அது என்ன பொண்ணே? கல்லுதானே! குறையே இல்லாம வட்டத்துக்குள்ள போனா கல்லு. குறை ரொம்பக் கூடினா வேடமே ஏறாது. இது காலம் காலமா இருக்கிற சட்டம். நான் நிறுத்து அனுப்பினதால யாருக்கும் அது தெரியாம போச்சு."

மருதாயி தராசைப் பரிசல் ஓரத்துல வச்சா. "அப்ப எட்டுமுழத்தான் மட்டும் ஏன் கல்லாகலை?"

"தெரியலையே பொண்ணே!"ன்னுச்சு தராசு. பிறந்ததுலருந்து அது 'தெரியலை'ன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

மறுநாள் காலையில மருதாயி கொலுவுக்குப் போனா. "ஐயா, பௌர்ணமிக்கு நான் வேடம் கட்டுறேன்"ன்னா. எட்டுமுழத்தான் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சவன் திடீர்னு "ஸ்ஸ்... ஆ!"ன்னு தாடியைப் பிடிச்சான். அப்புறம் தலையை ஆட்டினான். "ஸ்ஸ்... ஆ!" அப்புறம் தாம்பூலம் மென்னான். "ஸ்ஸ்... ஆ!"

"ஐயாவுக்குப் பல்லு வலியா?"

"வலியா? எனக்கா? எனக்குக் குறையே கிடையாதுடி! ஓடிப் போ!"

மருதாயி ஓடித்தான் வந்தா, சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா. "தராசண்ணே! உன் முள்ளு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பய தாடிக்குள்ள சொருகி வச்சிருக்கான். ராவும் பகலும் அது குத்திக்கிட்டே இருக்கு. ஊருக்குத்தான் குறையில்லாதவன். ஒரே ஒரு குத்தலை ரகசியமா வச்சுக்கிட்டுக் கல்லாகாம தப்பிக்கிறான்!"

"அடப்பாவி! சரி, அந்த இடத்தைப் பாத்து ஓங்கி ஒரு குத்து விடு!"

"குத்தினா இன்னும் வலிக்கும், அவ்வளவுதானே? நான் குத்தப் போறதில்லை அண்ணே."

"பின்னே?"

"எடுத்துவிடப் போறேன்."

தராசு ரெண்டு தட்டையும் தட்டித் தட்டிச் சிரிச்சுது.

ஆனா அவன்கிட்ட நெருங்கணுமே! அதுக்கு ஒரு வேடம் வேணுமே! பரிசலைக் கரையில கவுத்துப் போட்டு, தராசை மரக்கிளையில மாட்டி, முள்ளு இல்லாததால கோலு மேல ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சா. பழம் உருளாம நின்னா சமம்.

முதல் வேடம் சொன்னா. "மலையைத் தூக்கி வீசுவா. குறை, முன்கோபம்." பழம் கடகடன்னு வரத்துப் பக்கம் உருண்டு விழுந்துச்சு.

"முன்கோபம் குறையா? கோவம் வந்தா இன்னும் ரெண்டு மலையைத் தூக்குவா. அது பாவக்காய்க்குத் தங்கச்சி. வேற சொல்லு!"

ரெண்டாவது வேடம் சொன்னா. "சரி, மலையைத் தூக்குவா. ஆனா காத்தடிச்சா காய்ச்சல், வெயில் பட்டா மயக்கம், தும்மினா காலு சுளுக்கும், எறும்பைக் கண்டா மூர்ச்சை." பழம் மறுபக்கம் உருண்டு ஆத்துல "டபுக்"ன்னு விழுந்துச்சு.

"இவளை வட்டத்துக்குள்ள விட்டா எறும்பு ஜெயிச்சுடும்! பரிதாபத்துக்கு வேடம் கட்டுறியா, பந்தயத்துக்குக் கட்டுறியா?"

மருதாயிக்குக் கோவம் வந்துச்சு. "எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பரிசல் ஒண்ணுதான்!"

"அதைத்தான் கட்டேன் கழுதை!"

மருதாயி உக்காந்து யோசிச்சா. பரிசல் அடியை எதுத்து நிக்காது. சுழலு வந்தா சுத்திக் கொடுத்துத் தப்பிக்கும். ஆனா சுத்திச் சுத்தி வெளியே வந்தா எந்தக் கரை எந்தப் பக்கம்னே தெரியாது. பல தடவை அப்படித் திகைச்சு நின்னிருக்கா.

மெதுவா எழுந்தா. "பேரு சுழலி. எந்த அடி வந்தாலும் ஒரு சுத்துச் சுத்துவா, அடி அவளைத் தொடாது." அப்புறம் தராசுக்கிட்டப் போயி, வழக்கப்படி காதோட சொன்னா. "ஒவ்வொரு சுத்துக்கும் அவளுக்குப் பிரியமானது ஒண்ணு மறந்துபோகும்."

புதுப் பழம் கோலு நடுவுல அப்படியே நின்னுச்சு. காத்தடிச்சும் உருளலை.

தராசு குரலைத் தாழ்த்துச்சு. "பொண்ணே, யோசிச்சுத்தான் சொல்றியா? வட்டத்துக்குள்ள நீ சொன்னது நெசமாவே நடக்கும், மறந்ததெல்லாம் திரும்பி வரும்னு இல்லை."

"யோசிச்சுட்டேன் அண்ணே. ஒரு ஒத்தாசை பண்ணு. எனக்கு எது மறந்தாலும் 'வேலை இன்னும் முடியலை'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இரு."

முகமூடி செஞ்சா. நாடிக்குக் கீழ நீலப் பொட்டு வச்சா. இந்தத் தடவை பெருசா வச்சா.

பௌர்ணமி வந்துச்சு. பொழுது சாய நாலு நாழிகை இருக்கிறப்ப மருதாயி தராசைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தா. அதை வட்டத்து வாசல்ல பழைய கொக்கியிலேயே மாட்டிட்டு, உள்ள காலை வச்சா. ஊரே மூச்சை அடக்கிக்கிட்டுச் சுத்தி நின்னுச்சு.

எட்டுமுழத்தான் வாயைத் தொறந்தான். குபுகுபுன்னு நெருப்பு! சுழலி ஒரு சுத்துச் சுத்தினா. நெருப்பு நழுவிப் போச்சு. அதோட ஒரு பாட்டும் போச்சு. உதட்டுல ஏதோ வந்து வந்து நிக்குது, வார்த்தை வரலை.

"வேலை இன்னும் முடியலை!"ன்னு தராசு கத்துச்சு. சுழலி முன்னால நடந்தா.

எட்டுமுழத்தான் கையை உதறினான். காட்டாத்து வெள்ளம்! சுழலி ரெண்டாவது சுத்துச் சுத்தினா. வெள்ளம் விலகிப் போச்சு. அதோட அவ பேரும் போச்சு. "மருதாயி, விடாதே!"ன்னு ஊரு கத்துது, யாரைக் கூப்பிடுறாங்கன்னு அவ திரும்பிப் பாக்குறா.

"வேலை இன்னும் முடியலை!" சுழலி இன்னும் முன்னால நடந்தா. இப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல எட்டு முழம்தான்.

எட்டுமுழத்தானுக்கு ஆத்திரம் தலைக்கேறுச்சு. "அடியை ஏமாத்துறியா? கட்டிப் போட்டா என்னடி பண்ணுவே?"ன்னு தாடியை அவிழ்த்துக் கயிறாட்டம் வீசினான். தாடி வந்து அவ இடுப்பைச் சுத்துச்சு. இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தா! சுழலி மூணாவது சுத்துச் சுத்தினா பாருங்க, ஒரு முழம், ரெண்டு முழம், மூணு முழம், எட்டு முழத் தாடியும் அவ மேலயே சுத்திக்கிச்சு. எட்டுமுழத்தான் தாடை வரைக்கும் இழுபட்டு வந்தான். தாடியோட அடியில செருகியிருந்த முள்ளு விருட்டுன்னு கழண்டு "டிங்"ன்னு தரையில விழுந்துச்சு.

எட்டுமுழத்தான் கண்ணை மூடினான். ஒரு மாசமா வலி தாங்கின முகம், அப்படியே தெளிஞ்சுது. "அப்பாடா..."ன்னான். அப்புறம்தான் உறைச்சுது. கண்ணைத் தொறந்தான். "ஐயோ! வலிக்கலையே! யாராவது என்னைக் குத்துங்களேன்! கிள்ளுங்களேன்! கை எடுத்துக் கும்..."

'கும்'மோட நின்னுட்டான். கும்பிடப் போன கையும் கல்லு, தொறந்த வாயும் கல்லு. தாடி மட்டும் பஞ்சா உதிர்ந்து காத்துல போச்சு.

ஊரே ஆரவாரம் பண்ணுச்சு. நடுவுல ஒருத்தி ஒண்ணும் புரியாம நின்னா. எதுக்கு வந்தோம், யாருக்காக வந்தோம், ஒண்ணும் ஞாபகம் இல்லை. மூணாவது சுத்துல அவளுக்கு அக்காவே மறந்துபோச்சு.

"வேலை இன்னும் முடியலை! முள்ளை எடு! என்கிட்ட மாட்டு!"

எடுத்து மாட்டினா. தராசு நிமிர்ந்துச்சு, கனைச்சுது. "சனங்களே! பொழுது சாய ஒரு நாழிகை இருக்கு. கல்லானவங்க தட்டுல வரம் மட்டும்தான் கிடக்கு. அவங்களை அறிஞ்சவங்க வந்து அவங்களோட நெசமான குறையைச் சொன்னா முள்ளு நேராகும், கல்லு ஆளாகும். இன்னைக்குப் பௌர்ணமி வட்டம் தொறந்திருக்கிற வரைக்கும்தான் இது பலிக்கும், பொழுது சாஞ்சா கல்லு கல்லுதான். நான் நிறுக்கிறவன், சரக்கு வைக்கிறவன் இல்லை. ஓடியாங்க!"

அன்னைக்கு வரிசையா நின்னு காதோட சொல்ல ஏது நேரம்? சனம் முண்டியடிச்சுக்கிட்டுக் கத்துச்சு. ராணியம்மா முதல் ஆளா வந்தாங்க. "யாராவது புகழ்ந்தா இந்த மனுஷன் நாட்டையே தூக்கிக் குடுத்துடுவாரு!" முள்ளு டக்குன்னு நேரா நின்னுச்சு. ராசா மீசையைத் தடவிக்கிட்டு, "யாரது என்னைப் பத்திப் பேசுறது?"ன்னாரு.

"என் புருஷன் குறட்டை விடுவான்!"ன்னு ஒருத்தி கத்தினா.

"அது உனக்குக் குறை, அவனுக்குத் தூக்கம்! அடுத்தது சொல்லு!"

"யாரு என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாது, அதுலயே பாதி வீடு போச்சு!"

"அப்படி வா!" முள்ளு நேரா நின்னுச்சு. இப்படியே ஒருத்தர் ஒருத்தரா எழுந்தாங்க. யாரும் கோவிச்சுக்கலை. தன் குறையைத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு ஊர்ல இருக்கிறது எவ்வளவு பெரிய சொத்துன்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுது.

ஐம்பத்தொன்பது பேரு எழுந்தாச்சு. மேக்க சூரியன் பனைமரத்து உச்சியைத் தொட்டுடுச்சு. எட்டுமுழத்தானை விட்டா ஒரே ஒரு கல்லு மிச்சம். கை நீட்டின கல்லு.

"மருதாயி, அது உன் அக்காடி! வேம்பாயி! சொல்லுடி, சீக்கிரம்!"ன்னு ஊரு கத்துச்சு.

"அக்காவா?"ன்னு அவ கேட்டா. "எனக்கு அக்கா இருந்தாளா?"

அதைக் கேட்டு ஊரே அழுதுச்சு. ஊருக்கு என்ன தெரியும்? வேம்பாயி துணிச்சல்காரி, அவ்வளவுதான் தெரியும். அந்த ஒரு குறை ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு தராசு, அது சொல்லக் கூடாது. இன்னொண்ணு இவ. இவளுக்கு நெஞ்சுல அந்த இடமே காலியா கிடக்கு. உங்களுக்கும் தெரியுமே, நீங்களாவது கத்தியிருக்கலாம், ஆனா நீங்க அன்னைக்கு அங்க இல்லையே!

வேற யாராவதா இருந்தா, "தெரியாதவளுக்கு நான் என்ன பண்ண?"ன்னு போயிருப்பாங்க. மருதாயி போகலை. "யாரா வேணா இருக்கட்டும். கை நீட்டிக்கிட்டு நிக்கிறா. இவளை விட்டுட்டு நான் எங்கேயும் போக மாட்டேன்." கல்லு முன்னால போயி நின்னா.

"இவளுக்குச் சோம்பலா?" முள்ளு அசையலை.

"பொறாமையா?" அசையலை. சூரியன் பனையோலைக்குக் கீழ இறங்குச்சு.

அவ அந்தக் கல்லுக் கையைப் பாத்தா. நாலு விரலு மடங்கி இருக்கு. அடிக்கிற கை இல்லை, கேக்குற கை இல்லை, எதையோ பிடிக்கிற கை. தன்னோட இடது மணிக்கட்டைப் பாத்தா. நாலு தழும்பு. இது யாரு வச்ச தழும்பு? மணிக்கட்டைக் கொண்டுபோயி அந்தக் கைக்குள்ள வச்சா. நாலு விரலும் நாலு தழும்புல அச்சா உக்காந்துச்சு.

அவளுக்குப் பாட்டு மறந்துச்சு, பேரு மறந்துச்சு, அக்கா மறந்துச்சு. ஆனா பரிசல் மறக்கலை. எத்தனையோ பேரைப் பரிசல்ல ஏத்தியிருக்கா, எத்தனையோ பிடியைப் பாத்திருக்கா. இந்தப் பிடியை அவளுக்கு நல்லாத் தெரியும்.

தராசுகிட்டத் திரும்பி ஓடலை, கையை எடுக்க மனசு வரலை. "அண்ணே, காதைக் கொடு"ன்னா. தராசு கொக்கியிலருந்து எட்டிக் குனிஞ்சுது. அவ மெல்லச் சொன்னா. "இவளுக்குத் தண்ணின்னா பயம். பிடிச்சுக்க ஒரு கை வேணும் இவளுக்கு."

முள்ளு நேரா நின்னுச்சு. நின்ன முள்ளு நடுங்குச்சு. தராசு அழுதுச்சோ என்னமோ, பித்தளைக்கு அழுகை உண்டான்னு எனக்குத் தெரியாது.

மணிக்கட்டுல சில்லுன்னு இருந்த கல்லு மெதுவா வெதுவெதுன்னு ஆச்சு. நாலு விரலும் இறுக்குச்சு. நகம் பதிஞ்சுது. வலிச்சுது. அந்த வலி எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா!

"ஏண்டி மருதாயி, ஏன் இப்படி வெறிச்சு வெறிச்சுப் பாக்குறே? நான் உன் அக்காடி, வேம்பாயி!"

பொழுது சாஞ்சுது. முகமூடி கழண்டு விழுந்துச்சு. அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டே பேரு திரும்பி வந்துச்சு, பேரைப் பிடிச்சுக்கிட்டு அக்காவும் வந்தா. மருதாயி அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு, "பொட்டை நான் அழிச்சிருக்கக் கூடாது அக்கா, அழிச்சிருக்கவே கூடாது"ன்னு ஓன்னு அழுதா. வேம்பாயி அவ முதுகைத் தட்டி, "சரி விடு, மூக்கைத் துடை, ஊரே பாக்குது"ன்னா.

ராசா பாதி ராச்சியம் தர்றேன்னாரு. மருதாயி வேண்டாம்னுட்டா. "தராசு இனிமே வாசல்லயே தொங்கட்டும். எங்களுக்கு ஒரு புதுப் பரிசல் கொடுங்க, பழசு ஒழுகுது"ன்னா. ராசா ஒண்ணுக்கு ரெண்டா கொடுத்தாரு. எட்டுமுழத்தான் கல்லு மட்டும் அங்கேயே நிக்குது. அவனோட குறையைத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் வந்து சொல்லலை. காக்கா மட்டும் வந்து உக்காரும்.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் புதுப் பரிசல்ல ஏறினாங்க. மருதாயி துடுப்பை எடுத்தா, வாயைத் தொறந்தா, பாட்டு வரலை. அது மட்டும் திரும்பி வரவே இல்லை. வரத்தை வாங்கினா ஒண்ணு கொடுத்துத்தானே ஆகணும்! பரிசல் நடு ஆத்துக்கு வந்து ஆடுச்சு. வேம்பாயி சுத்திமுத்தும் பாத்துட்டு, கையை மெதுவா எடுக்கப் பாத்தா.

"ஊரு பாக்குதுடி. உனக்கும் ரெண்டு கையும் வேணும்ல?"

"ஒத்தைக் கையே போதும்"ன்னா மருதாயி. "நீ இறுக்கிப் பிடிச்சுக்கோ அக்கா."

அவங்க பிடிச்ச கையோட அக்கரை சேர்ந்தாங்க, நாம கேட்ட கதையோட இக்கரையில இருக்கோம். வேம்பாயியோட குறையை உங்ககிட்ட மட்டும் காதோட சொல்லியிருக்கேன். வெளியே சொல்லிடாதீங்க, தராசு கேட்டா ஊரைக் கூட்டிடும்.